காதறுந்த கோட்டு

"காது இல்லாத கோட்டை நான் வாங்க மாட்டேன்..."

"காலரைப் பிடிச்சு மாட்டுங்களேன், என்ன இப்போ..."

"கிழிஞ்சா என் குடுமியைப் பிடிப்பீங்க!"

"பிடிக்க மாட்டேன். எழுதிக் குடுக்கட்டுமா?"

"எழுதிக் குடுக்கிறாராம்! வீட்ல ஊசி நூல் இல்லையா? பொண்டாட்டி இல்லையா?"

கென்னாதி கோட்டை மேடைமேல் இன்னும் கொஞ்சம் முன்னால் தள்ளினார். பின்னால், பனி உருகிச் சொட்டும் தொப்பிகளோடு வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். பெர்ம் நகரத்து நடன அரங்கில் கோட்டைக் கழற்றிக் கொடுக்காமல் யாரும் உள்ளே காலெடுத்து வைக்க முடியாது. கொக்கியில் மாட்டுவதற்காகக் கழுத்துப் பட்டிக்குள் இருக்கும் அந்தச் சின்னத் துணிக் காது போன மாதம்தான் அறுந்தது. இத்தனை வருஷத்தில் அது அறுந்ததே இல்லை என்றுதான் அவர் நினைத்திருந்தார். அறுந்தபோதெல்லாம் யார் தைத்தார்கள் என்பது, தைக்க ஆளில்லாமல் போன பிறகுதானே தெரிகிறது!

"இருக்கா. இப்போ வந்துடுவா," என்றார். "ரெண்டு பேருக்கும் ஒரே நம்பர் வில்லை குடுங்க. பக்கத்துக் கொக்கியை மட்டும் விட்டு வைங்க, யம்மா."

கோட்டு வாங்கும் கிளாவா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "சரி, தொலையட்டும். வந்ததும் அவளை எங்கிட்ட அனுப்புங்க. நாலு வார்த்தை கேக்கணும்."

ரிம்மா ஆகஸ்டிலேயே தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். சண்டை என்று பெரிதாக ஒன்றுமில்லை, பேச்சுதான் நின்றுபோயிருந்தது. போன வாரம் அவரே தொலைபேசியில் அழைத்தார்.

"பாலே டிக்கெட் ரெண்டு வாங்கியிருக்கேன். உன்னோடது உன் தங்கச்சி வீட்டுத் தபால் பெட்டியில இருக்கு."

"நீயா? பாலேக்கா? லிஃப்ட் ஏதாவது அறுந்து தலையில விழுந்துச்சா?"

லிஃப்ட் பழுது பார்ப்பவரிடம் அப்படித்தானே கேட்பாள். கேட்டுவிட்டுச் சிரித்தாள். "பாப்போம்," என்றாள். அந்தச் சிரிப்பை நம்பித்தான் அவர் மீசையைக்கூடத் திருத்திக்கொண்டு வந்திருந்தார்.

ஆட்டம் தொடங்கப்போகிறது என்று மூன்றாவது மணி அடித்ததும், மேல்மாடியிலிருந்து நழுவி வந்த ஒரு மாணவி குனிந்து கேட்டாள்.

"மாமா, இந்த இடம் காலிதானே?"

"ஆள் வருது."

"இனிமே உள்ள விட மாட்டாங்களே!"

"இடைவேளைக்கு வருவா."

அவள் உதட்டைப் பிதுக்கிவிட்டுத் தூணோரம் போய் நின்றாள்.

திரை விலகியது. வெள்ளை உடையில் பெண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்துகொண்டே இருந்தார்கள். டிவியில் ஓடும்போது சேனலை மாற்றிவிடுவாரே, அதே ஆட்டம்தான். ஆனால் டிவியில் இசை மட்டும்தான் கேட்கும். இங்கே அவர்கள் குதித்து இறங்கும்போதெல்லாம் பலகையில் தொப் தொப்பென்று கால்கள் விழும் சத்தம் கேட்டது. பஞ்சு மாதிரித் தெரிந்தவர்களுக்கு இவ்வளவு கனமா!

"ரிம்மா, கேட்டியா? சத்தம் வருது," என்று பக்கத்து இருக்கையின் பக்கம் சாய்ந்து சொல்லிவிட்டார்.

"உஷ்!" என்றது முன்வரிசை.

காலி இருக்கையில் மடித்து வைத்திருந்த அவருடைய கழுத்துத் துணிதான் கிடந்தது.

இடைவேளையில் சிற்றுண்டிக் கடையில் சிவப்பு மீன் வைத்த ரொட்டி இரண்டு வாங்கி, வாசல் தெரியும் மேசையோரம் நின்றார். கதவு திறக்கும்போதெல்லாம் குளிர் வந்தது. புகைக்கப் போனவர்கள் திரும்பி வந்தார்கள். தன் ரொட்டியைத் தின்றார். மற்றதைத் தாளில் சுற்றிக்கொண்டார்.

விளக்கு மங்கியபோது தூணைப் பார்த்துக் கையசைத்தார்.

"வா, பொண்ணு. உக்காரு. இந்தா, இதையும் சாப்பிடு."

"உங்க ஆளு வரலையா, மாமா?"

"வேலை இருந்திருக்கும்."

சொன்ன பிறகுதான், அது யாருடைய சாக்கு என்று அவருக்கு உறைத்தது. ரிம்மா ஒவ்வொரு முறை கூப்பிட்டபோதும் அவர் சொன்னதுதான் அது.

கைதட்டல் ஓய்ந்து, கோட்டு வரிசை மெல்ல நகர்ந்தது. ஒவ்வொரு கொக்கியிலும் கோட்டுகள் ஒன்றின்மேல் ஒன்றாகத் தொங்கின. அவர் கோட்டுக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு கொக்கி வெறுமனே நின்றது. கென்னாதி வில்லையை நீட்டினார். கிளாவா கோட்டைக் கொண்டுவந்து மேடைமேல் போட்டாள். அவர் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"இந்தக் கூட்டத்துல ஒரு கொக்கியைச் சும்மா விட்டு வச்சு, எல்லார்கிட்டயும் பேச்சு வாங்கினேன். எங்கய்யா உங்க வீட்டுக்காரம்மா கோட்டு?"