மூடாத உதடு

என் மனைவி காது கேளாத பிள்ளைகளுக்கு டீச்சர். வீட்டிலும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவேன். பாதி கேலி, பாதி பயம். அவள் மேலுதட்டில் வந்த தோல் புற்றுநோயை வெட்டி எடுத்துச் சில மாதங்கள் ஆகின்றன. நோய் போய்விட்டது. ஆனால் உதட்டின் இடது ஓரம் மேலே இழுத்துக்கொண்டு, வாயை மூடினாலும் திறந்தே நிற்கிறது.

அதைச் சரிசெய்ய இன்னொரு அறுவை சிகிச்சை உண்டு. காத்திருப்பவர்கள் ஏராளம். யாருக்குக் கஷ்டம் அதிகமோ அவருக்கு முதலில். அந்தக் கஷ்டத்தை அளக்கத்தான் நர்ஸ் கேள்வித்தாளோடு எங்கள் எதிரே உட்கார்ந்திருந்தார்.

“போன ஒரு வாரத்துல, தோல்ல வலி, எரிச்சல் எதாவது இருந்துச்சா டீச்சர்?”

“இல்லவே இல்ல.”

“நாலு பேரைப் பாக்கக் கூச்சமா இருந்துச்சா?”

“இல்லவே இல்ல.”

முகக்கவசத்துக்குப் பின்னாலிருந்து சொல்கிறாள்! என்னெதிரே உட்கார்ந்து சாப்பிடுவதையே விட்டுவிட்டவள். எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான் இருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

“வேலைக்குப் போக முடியாமப் போச்சா?”

“ஒரு நாள்கூட லீவு எடுக்கல.”

அது உண்மை. அந்த உண்மையை வைத்துத்தான் ஏமாற்றினாள்.

நர்ஸ் கூட்டிப் பார்த்தார். “பூஜ்யம். சந்தோஷம் டீச்சர். இதுல நம்பர் குறைஞ்சா வாழ்க்கை நல்லா இருக்குன்னு அர்த்தம்.”

வரிசையில் கடைசி என்றும் அர்த்தம்.

“ஏம்மா இப்படிப் பண்றே?” என்றேன்.

“வெளிய பாத்தீங்கல்ல? ஒருத்தருக்குக் காதே இல்ல. ஒரு அம்மாவுக்கு மூக்கு பாதி போயிருச்சு. நான் உயிரோட இருக்கேன். அவங்களை முந்திக்கிட்டு, உதடு கோணிப்போச்சுன்னு நிக்கவா?”

“உனக்காக நிக்க வேணாம் தாயே, உன் பிள்ளைங்களுக்காக நில்லு.”

நான் எலக்ட்ரீஷியன். போன வாரம் அவள் வகுப்பில் மின்விசிறியைப் பழுதுபார்க்கப் போயிருந்தேன். அவளிடம் சேரும் பிள்ளை முதலில் கற்பது ‘அம்மா’ என்ற சொல். டீச்சரின் உதடு மூடித் திறப்பதைப் பார்க்கும், அவள் கழுத்தில் கை வைத்து அதிர்வை உணரும், பிறகு தானும் சொல்லிப் பார்க்கும். அன்று புதிதாகச் சேர்ந்த சிறுமி அவள் கழுத்தில் கை வைத்தபடி முகக்கவசத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். துணி லேசாக அசைந்தது, அவ்வளவுதான். ஏணி மேல் நின்றிருந்த எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“வாயை மூடி வச்சுக்கிட்டு உதட்டைப் படிக்கச் சொல்லிக் குடுக்கிறா சிஸ்டர்!” என்று கத்தியே விட்டேன். “அதுக்கு உங்க பேப்பர்ல கேள்வி இல்லையா?”

நர்ஸ் கோபித்துக்கொள்ளவில்லை. பேனாவைக் கீழே வைத்தார். “மாஸ்க்கைக் கழட்டிட்டுப் பாடம் எடுக்கலாமே டீச்சர்? பிள்ளைங்க பயந்துக்குமா?”

“அதுங்களா? அதுங்க எதுக்கும் பயப்படாது.”

மெதுவாக முகக்கவசத்தைக் கழற்றினாள். நர்ஸைப் பார்த்துச் சத்தமில்லாமல் ஒரு சொல் சொன்னாள்.

“இப்ப என்ன சொன்னேன்?”

நர்ஸ் முன்னால் குனிந்தார். “இன்னொரு தடவை.”

மறுபடி சொன்னாள். கூட்டத்துக்கு நடுவிலும் குரல் எழுப்பாமல் என்னை ஏவியே பழகியவள் அவள். அவள் உதட்டை என்னைவிட யார் படித்துவிட முடியும்? என்ன சொல்கிறாள் என்று தெரிந்திருந்தும், அவள் வாயில் அந்தச் சொல்லை என்னால் பார்க்க முடியவில்லை.

“தெரியலையே டீச்சர்.”

“அம்மான்னு சொன்னேன். உதடு ரெண்டும் ஒட்டினாத்தான் அது கண்ணுக்குத் தெரியும். நான் எப்படிச் சொல்றேனோ அப்படியேதான் அதுங்களும் சொல்லும். தப்பாப் பழக்கி விடறதுக்கு மறைச்சுக்கறதே மேல்னு…”

நர்ஸ் புதுத் தாள் ஒன்றை எடுத்தார். “மறுபடி கேக்கறேன். போன வாரம் இந்தத் தோலால உங்க வேலைக்கு எவ்வளவு கஷ்டம்? இல்லவே இல்லையா, கொஞ்சமா, நிறையவா, ரொம்பவா?”

டீச்சர் என்னைப் பார்த்தாள். மூடாத உதட்டோரத்தை ஒரு விரலால் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டாள். பிள்ளைகளுக்குச் சொல்வதைப் போல நிதானமாக, உதடுகள் நன்றாக ஒட்டும்படி, “ரொம்ப” என்றாள்.