ஜால்ராவின் முதல் வரி

எதிரிப் படையில் ஒரு தந்திக்காரன் இருந்தான். அவன் முகத்தை யாரும் பார்த்ததில்லை. ஆனாலும் எதிரியின் சங்கேதங்களை உடைக்கும் அந்த அறையில் இருந்த அத்தனை பேரும் அவனுக்கு நன்றிக்கடன் பட்டிருந்தார்கள். எந்தச் சங்கேதச் செய்தியையும் அவன் தன் தளபதியின் பட்டங்களை வரிசையாக அடுக்கித்தான் ஆரம்பிப்பான். எழுத்துகளைக் கலைத்துப்போடும் சாவி தினமும் மாறும். அந்தப் புகழ்மாலை மட்டும் மாறாது. மூலச் செய்தியில் ஒரு வரி தெரிந்தால் போதும், கலைந்த எழுத்துகளோடு அதைப் பொருத்திப் பார்த்து அன்றைய சாவியைப் பிடித்துவிடலாம். அவனுக்கு ஜால்ரா என்று பெயர் வைத்தவள், அந்த வரியை முதலில் கண்டுபிடித்தவள், ஒரு வீட்டின் மூத்த மருமகள்.

வீட்டில் தபால் பிரிப்பதாகத்தான் சொல்லியிருந்தாள். துப்புக்கெட்டவளுக்கெல்லாம் சண்டையால் சம்பளம் கிடைக்கிறது என்று மாமியார் நாள் தவறாமல் குத்திக்காட்டுவாள். சரக்குக் கப்பலில் வேலை பார்க்கும் கொழுந்தன் விடுப்பில் வந்திருந்தபோது அவன் எதிரிலும் அதையே சொன்னாள். மருமகளுக்குப் பொறுக்கவில்லை. தன் வேலை இன்னதென்று சொல்லவில்லை, அந்த மட்டும் புத்தி இருந்தது. எதிரிப் படையில் ஒருவன் தந்தி அடிக்கும்போதுகூடத் தளபதியின் காலைப் பிடிக்கிறானாம் என்று சொல்லி, அந்தப் பட்டங்களை இழுத்து இழுத்துப் பேசிக் காட்டினாள். கொழுந்தனுக்குப் புரையேறியது. மாமியாரே சிரித்துவிட்டாள். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்?

கொழுந்தன் கப்பலுக்குத் திரும்பிச் சில நாள் கழித்து, துறைமுகத்திலிருந்து வந்த வண்டியோட்டி ஒருவன் அலுவலக வாசலில் அதே பட்டங்களை அதே இழுவையோடு சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான். மறுநாள் காலைச் செய்திகள் எதிலும் சாவி பிடிபடவில்லை. புகழ்மாலை நின்றுபோயிருந்தது.

ஜால்ராவை வேறு இடத்துக்கு மாற்றியிருப்பார்கள் என்றார் அதிகாரி. அவளுக்குத்தான் உண்மை தெரியும். எதிரிக் கப்பல்கள் எங்கே பதுங்கியிருக்கின்றன என்று சொன்ன பழைய செய்திகளை நம்பித்தான் சரக்குக் கப்பல்களுக்குப் பாதை குறித்திருந்தார்கள். தன் செய்தியைப் படிக்கிறார்கள் என்று தெரிந்துகொண்ட எதிரி இந்நேரம் பதுங்குமிடத்தை மாற்றியிருப்பான். அந்தக் கப்பல்களில் ஒன்றில் கொழுந்தன் போய்க்கொண்டிருந்தான்.

சொல்லிவிடத்தான் எழுந்தாள். அதற்குள் அதிகாரியே அருகில் வந்து, "வெளிய பேச்சு போயிருக்குமான்னு மேலிடத்துல கேட்டாங்கம்மா. உங்களுக்கு நானே உத்தரவாதம் குடுத்துட்டேன்" என்றார். அந்த நல்ல பெயரை விட மனமில்லாமல், மதியம் வரை பென்சிலைச் சீவிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அதற்குமேல் தாளவில்லை.

"நான்தான் சார். வீட்ல சொல்லிச் சிரிச்சேன்."

அவர் திட்டவில்லை. டெலிபோனை எடுத்துக் கப்பல்களைத் திருப்பச் சொன்னார். பிறகு அவளுடைய அனுமதிச் சீட்டுக்காகக் கையை நீட்டினார்.

கொழுந்தன் வீடு வந்து சேர்ந்தான். முன்னால் போன கப்பல் மட்டும் திரும்பவில்லை என்றான். காலையிலேயே தகவல் வந்திருந்தால் அதுவும் தப்பியிருக்குமாம். மாமியார் மகனின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"எந்த மகராசன் வாயத் தொறந்து சொன்னானோ, அந்த வாய்க்குச் சக்கரதான் போடணும்."

அந்தக் கப்பலில் யார் யார் இருந்தார்கள் என்று கேட்க மருமகளுக்கு நா எழவில்லை.