கடைசிப் பாட்டுக்கு முந்தின பாட்டு

1

இந்தக் கதையை நான் ரயிலில் ஒட்டுக்கேட்டேன். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. எங்கள் தங்கவயலின் மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூரு போகும் காலை வண்டி. எதிர் இருக்கையில் ஒரு பெண்மணி எலுமிச்சஞ்சோற்று டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்துப் பெண்ணிடம் சொன்னார்: "அவுங்கள எத்தினியோ வாட்டி நேர்ல பாத்திருக்கேன். கடைசி பாட்டு மட்டும் கேட்டதேயில்ல."

பக்கத்துப் பெண் தலையை ஆட்டிவிட்டுத் தூங்கிப்போனார். எனக்கு இருந்த தூக்கமும் போய்விட்டது. வெட்கத்தை விட்டு, "நான் கதை எழுதுகிறவன், காதில் விழுந்துவிட்டது" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எழுதுறதுனா எழுதுங்க. பேர மாத்திடுங்க" என்றார்.

மாற்றிவிட்டேன். கரோலின். (நிஜத்தில் அவர் எனக்கு ‘அவர்’தான். கதைக்குள் வந்ததும் ‘அவள்’ ஆக்கிவிட்டேன். மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. கொஞ்சம் கிட்டே போய் உட்கார வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.)

2

தொடக்கம் எழுதுவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. எழுதிப் பார்த்தவை இவை:

அன்று மாலை சாம்பியன் ரீப்ஸ் வானம் செந்தூரம் பூசிய— (வேண்டாம். வானத்தைத் தொந்தரவு செய்யாமல் விட்டுவிடுவோம்.)

சுரங்கம் மூடிய பிறகு இந்த ஊரில்— (இதுவும் வேண்டாம். எங்கள் ஊரைப் பற்றி எழுத வருகிற எல்லாரும் முதல் வரியிலேயே சுரங்கத்தை மூடிவிடுகிறார்கள். அது ஒரு தடவை மூடியது போதும்.)

கரோலினுக்கு ‘மூணாம் மாடி’ என்றால் உயிர்.

இது இருக்கட்டும். மூணாம் மாடி என்பது ஒரு பேண்டு. பெங்களூருவில் ஏதோ ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில் ஒத்திகை பார்த்துப் பார்த்து அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. ஒரு வரி தமிழ், ஒரு வரி கன்னடம், நடுவே இங்கிலீஷ் என்று பாடுவார்கள். எங்கள் ரயில் பெட்டியில் ஜனங்கள் பேசிக்கொள்வதை அப்படியே மெட்டுப் போட்ட மாதிரி இருக்கும். பாடுகிறவர் சுந்தரராஜ். டிரம்ஸ் வாசிக்கிறவன் லாய்ட். லாய்ட் எங்கள் சாம்பியன் ரீப்ஸ் பையன். இது போதாதா, மூணாம் மாடி எங்கே வாசித்தாலும் கூட்டத்தில் ஒரு பங்கு எங்கள் ஊர் ஆட்கள் இருப்பார்கள்.

கரோலின் பெங்களூருவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். அவளோடு அதே ரயிலில் போய்வரும் நளினிக்கு ஆயத்த ஆடை கம்பெனியில் செக்கிங் வேலை. ஒருத்தி ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவள், மற்றவள் ஆடிக்குக் கூழ் ஊற்றுகிறவள். லேடீஸ் பெட்டியில் யாரோ இறங்கிய இடத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்த நாளிலிருந்து சிநேகிதம். ஒருத்தி போனிலிருந்து மற்றவள் காதுக்கு மூணாம் மாடி வந்து சேர்ந்ததும் அதே பெட்டியில்தான். அதற்குப் பிறகு எந்தக் கச்சேரியையும் ஒருத்தி தனியாகப் பார்த்ததில்லை.

3

இனி ரயிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வெளியூர்க்காரர்களுக்கு இந்தக் கதை விளங்காது.

பெங்களூருவிலிருந்து எங்கள் ஊருக்கு வரும் கடைசி வண்டி யாருக்காகவும் நிற்காது. கச்சேரியோ, அது உச்சத்துக்குப் போகும்போதுதான் வண்டிக்கு நேரமாகும். மூணாம் மாடிக்கு ஒரு வழக்கம். எத்தனை பாட்டுப் பாடினாலும் கடைசிக்கு முந்தின பாட்டு எப்போதும் ‘குடை’. லாய்ட் டிரம்ஸைக் குச்சியால் அடிக்காமல் பிரஷ்ஷால் தடவுவான். தகரக் கூரையில் தூறல் விழுகிற மாதிரி ஒரு சத்தம். அந்தச் சத்தம் கேட்டதும் கூட்டத்தில் இருக்கும் தங்கவயல்காரர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் எழுந்துவிடுவார்கள். செருப்பைத் தேடுவார்கள், பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வார்கள், ஓடுவார்கள். எங்களுக்குள் அதற்கு ‘செருப்புப் பாட்டு’ என்றே பெயர். பங்காருப்பேட்டை வரும்வரை பெட்டி முழுக்கக் குடைதான் பாடிக்கொண்டு வரும். அதற்கு அடுத்த பாட்டு என்னவென்று ஒருவருக்கும் தெரியாது.

(யூடியூபில் பார்க்கலாமே என்கிறீர்கள். பார்த்தாயிற்று. அந்தக் கடைசிப் பாட்டை அவர்கள் எந்த ஆல்பத்திலும் சேர்க்கவில்லை. கூட்டத்தில் எடுத்த வீடியோக்களில் பாட்டு கேட்பதில்லை, எடுத்தவர் கத்துவதுதான் கேட்கிறது.)

4

இந்த இடத்தில் எனக்குக் கரோலின் மேல் சந்தேகம் வருகிறது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் நளினி சொன்னாள்: "ஒரே ஒரு வாட்டி முழுசா பாத்துட்டு வரலாம்டி." கே.ஆர்.புரத்தில் இருக்கும் சித்தி வீட்டில் ராத்திரி தங்க ஏற்பாடு செய்தாள். கரோலினின் புருஷன் டென்சில், பிள்ளைகளுக்கு முட்டை தோசை சுட்டுப் போட்டுச் சமாளித்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டான். மறுநாள் இரண்டு பேருக்கும் லீவு. தடை என்று ஒன்றுமே இல்லை. கரோலின் சத்தியமே பண்ணியிருந்தாள்.

குடை ஆரம்பித்தது. நளினி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். கரோலின் கண் விழித்தபோது— (தூங்கவா செய்தாள்? இல்லை. ஆனால் அவர் அப்படித்தான் சொன்னார்.) கண் விழித்தபோது பிளாட்பாரத்தில் இருந்தாள். வண்டி நகர்ந்துகொண்டிருந்தது. எவளோ ஒருத்தி கைகொடுத்துத் தூக்கிவிட்டாள்.

இதை எந்த வாசகர் நம்புவார்? ஒரு காரணம் வேண்டும். மறு வாரம் ரயிலில் கேட்டேன்.

"பிள்ளைக்கு ஜுரம்னு போன் வந்துதுன்னு எழுதிக்கட்டுமா?"

"இன்னாத்துக்கு பொய்?"

"மாமியாருக்கு முடியலன்னு?"

"அவுங்க நல்லாதான் இருந்தாங்க. காலு தானா பூடுச்சு. அவ்ளோதான்."

அவ்வளவுதான். நளினியும் இதைத்தான் நம்பவில்லை. கடைசிப் பாட்டு முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னாடி இது, இப்பிடிப் பாடிட்டாங்க" என்று பக்கத்தில் திரும்பியிருக்கிறாள். அங்கே தாடி வைத்த ஒருவன் நின்றிருந்தான். அவன், "ஹௌது, ஹௌது" என்று கன்னடத்தில் ஆமாம் போட்டுத் தலையாட்டினானாம்.

கச்சேரிக்குப் போகிறோம், பாட்டுக் கேட்கப் போகிறோம் என்று சொல்லிக்கொள்கிறோம். பாட்டு வீட்டிலேயே கேட்கும். நமக்குப் பிடித்த இடம் வரும்போது கூட இருப்பவரின் முகத்தைத் திரும்பிப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் போகிறோம் என்று நினைக்கிறேன். நளினிக்கு அந்த முகம் கிடைக்கவில்லை. அதை வேறு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் போனில் நளினி கேட்டது ஒன்றுதான்: "யாருக்குடி காலு தானா போவும்?" அடுத்த மாதம் நளினி பெங்களூருவிலேயே ஹாஸ்டல் பார்த்துப் போய்விட்டாள். ரயிலில் ஜன்னலோர இருக்கை காலியானது. பிறகு அதில் வேறு யாரோ உட்கார்ந்தார்கள். கரோலின் அவர்களோடும் சிரித்துப் பேசினாள். வீட்டில் குக்கர் விசில் போடும்போது மட்டும் யாருக்கும் தெரியாமல் அழுதுவிடுவாள். இது அவர் சொல்லாதது. நானாகச் சேர்த்தேன். தப்பாக இருக்காது.

5

இதுவரைக்கும்தான் ரயிலில் கிடைத்த கதை. இப்படியே முடித்திருந்தால் சோகக் கதை என்று பெயர் வாங்கியிருக்கும். இந்த வருஷம் தை முடிந்ததும் மூணாம் மாடி எங்கள் ஊருக்கே வந்துவிட்டது.

லாய்ட் கூட்டிக்கொண்டு வந்தான். சாம்பியன் ரீப்ஸில், சுரங்கக் கழிவு குவிந்த சயனைட் மேட்டுக்குக் கீழே இருக்கும் மைதானத்தில், சாயங்கால வெயிலிலேயே கச்சேரி. கரோலின் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். சேதி தெரிந்த அன்று அவள் போனை எடுத்து நளினிக்கு எழுதினாள்.

எப்படி இருக்கே, அன்னிக்கு நான் வேணும்னு— அழித்தாள்.

நம்ம ஊருக்கே வராங்கடி, நீ மட்டும் வரலேன்னா நான்— அழித்தாள்.

(நான்தான் தொடக்கத்துக்குத் திணறுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.)

கடைசியில், "மூணாம் மாடி நம்ம கிரவுண்டுல. வருவியா?" என்று அனுப்பினாள். நீல டிக் விழுந்தது. பதில் வரவில்லை.

வந்தால் கடைசிப் பாட்டுவரை நளினி பக்கத்தில் நிற்பது, மண்ணே இடிந்தாலும் நகர்வதில்லை என்று கரோலின் முடிவு செய்திருந்தாள். கச்சேரியன்று டென்சில் மைதானத்தில் பாய் விரித்து, கடலைப் பொட்டலத்தைப் பிரித்தான். ஊரே வந்திருந்தது. ரயிலில் தினமும் தூங்கிவழிகிற முகங்கள் எல்லாம் குளித்து, பவுடர் போட்டு உட்கார்ந்திருந்தன. கரோலின் பாட்டைக் கேட்கவில்லை. ஒவ்வொரு வரிசையாக முகம் தேடினாள்.

"வருவா, வருவா. மேடையப் பாரு" என்றான் டென்சில்.

"பாத்துனுதான் இருக்கேன்."

"அது மேடையில்ல, ஐஸ்கிரீம் வண்டி."

இருட்டத் தொடங்கியபோது லாய்ட் பிரஷ்ஷை எடுத்தான். தூறல் சத்தம்.

மைதானம் எழுந்தது. நான் மிகைப்படுத்தவில்லை, நானும் அங்கே இருந்தேன். மொத்த மைதானமும் எழுந்தது. பின்பக்கம் ஒட்டிய மண்ணைத் தட்டினார்கள், செருப்புத் தேடினார்கள், பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டார்கள். அவரவர் வீடு கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. போய்ப் பிடிக்க ஒரு ரயிலும் கிடையாது. ஆனாலும் எல்லாரும் கேட்டை நோக்கி வேகமாக நடந்தார்கள். சுந்தரராஜ் பாட்டை நிறுத்தாமல் திகைத்துப்போய்ப் பார்த்தார். லாய்ட் குனிந்துகொண்டு வாசித்தான். அவன் தோள் சிரிப்பில் குலுங்கியது. அவனுக்குத் தெரியும்.

கரோலின் கேட்டுக்கு வந்துவிட்டாள். பை கக்கத்தில் இருந்தது. முன்னால் போன ஒருத்தி சட்டென்று நின்று திரும்பியதால் இவளும் நின்றாள்.

நளினி. அவள் பையும் கக்கத்தில் இருந்தது.

"எங்கடி போற?" என்றாள் நளினி.

"ரயிலுக்கு."

"ஊடு இங்கதானடி இருக்கு."

கரோலின் முழித்தாள். பிறகு கேட்டாள்: "நீ எங்க போற?"

நளினி இன்றைக்கு இதே தங்கவயலில், பாலகாட்டில் இருக்கும் அண்ணன் வீட்டில் தங்கியிருக்கிறாள். அவளுக்கும் ரயில் இல்லை. மூன்று வருஷமாக அவள் வாழ்க்கையிலேயே கடைசி வண்டி இல்லை. அவள் தன் காலைக் குனிந்து பார்த்தாள்.

"தெரில" என்றாள். "பின்னாடி ஒக்காந்துனு உன்னையேதான் பாத்துனு இருந்தேன். முடியறப்போ வந்து பேசலாம்னு. குடை ஆரம்பிச்சுது."

"தானாவா வந்துச்சு?"

நளினி சிரிக்கத்தான் தொடங்கினாள். பாதியில் அது அழுகையாகிவிட்டது. "உன்ன எவ்ளோ திட்டினேன்" என்றாள்.

"திட்டினது சரிதான். காலு போச்சு, வுடு. வண்டில ஏறினப்புறம் போன் பண்ணிருக்கலாம் இல்ல? பண்ணல. பயமா இருந்துச்சு." கரோலின் மூக்கை உறிஞ்சினாள். "அன்னிக்கு கேக்கல, இப்ப கேக்குறேன். அந்தக் கடைசிப் பாட்டு எப்பிடிடி இருந்துச்சு?"

"நல்லாதான் இருந்துச்சு" என்றாள் நளினி. "நீ இல்லன்னு பாத்தப்புறம் ஒரு வரிகூட ஞாபகத்துல நிக்கல."

6

எனக்கு இவ்வளவு எப்படித் தெரியும்? நானும் கேட்டில் அவர்களுக்குப் பக்கத்தில்தான் இருந்தேன். என் காலும் என்னைக் கேட்கவில்லை. பின்னால் வந்த கூட்டம் என்னைத் தெருவுக்குத் தள்ளிவிட்டது. அதற்குப் பிறகு மைக்கில் சுந்தரராஜ், "ஏன்ரீ, எல்லாரும் எல்லி ஹோக்தீரா? எங்கப்பா போறீங்க?" என்று கேட்பது காதில் விழுந்தது. லாய்ட் மைக்கை வாங்கி, "ஒக்காருங்கப்பா, இன்னிக்கு ரயிலு இல்ல" என்றான். ஊர் முழுக்கச் சிரித்தது. நான் திரும்பி வருவதற்குள் கேட்டில் நெரிசல். உள்ளே போக முடியவில்லை.

ஆகவே முடிவு எனக்குத் தெரியாது. கற்பனை செய்து பார்த்தேன்.

முடிவு ஒன்று: இருவரும் உள்ளே ஓடி, பாயில் உட்கார்ந்து கடைசிப் பாட்டைக் கேட்கிறார்கள். அந்தப் பாட்டு— (எப்படி எழுதுவது? நானும்தான் கேட்டதில்லையே.)

முடிவு இரண்டு: கேட்டிலேயே பேசிக்கொண்டு நிற்கிறார்கள், பாட்டு போய்விடுகிறது. (எழுதினேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கரோலினுக்கு இதுவும் கிடைக்காமல் செய்ய எனக்கு மனம் வரவில்லை.)

அவரையே கேட்டிருக்கலாம். தினமும் அதே வண்டிதான். நான் இப்போதெல்லாம் வேறு பெட்டியில் ஏறுகிறேன். தெரிந்துவிட்டால் எழுதிவிடுவேன், எழுதிவிட்டால் மற்ற முடிவு நடக்காமல் போய்விடும்.

நீங்கள் உள்ளே இருக்கிறீர்கள். படித்துக்கொண்டே இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள், உங்களை யாரும் தள்ளவில்லை. மைதானத்தில் ஜனம் திரும்ப உட்கார்ந்துவிட்டது. பாயில் இரண்டு பேருக்கு இடம் விட்டு டென்சில் ஓரமாக நகர்ந்திருக்கிறான். லாய்ட் பிரஷ்ஷை வைத்துவிட்டுக் குச்சியை எடுக்கிறான். கேட்டில் அவர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். போய்க் கூப்பிட்டால் மூன்று வருஷத்துப் பேச்சு பாதியில் நிற்கும். கூப்பிடாவிட்டால் பாட்டு போய்விடும்.

எதைச் செய்தாலும் கொஞ்சம் மெதுவாகச் செய்யுங்கள். நளினி இப்போதுதான் அவள் கையைப் பிடித்தாள்.