மணிக்கட்டா, முழங்கையா, தோளா?

எனக்கு வாய்த்த சக்களத்தி ஒரு கண்ணாடிச் சீசா. உள்ளேயும் வெளியேயும் ஈயத்தாள் ஒட்டி, மூடி வழியாகப் பித்தளைக் குமிழ் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். என் வீட்டுக்காரர் கண்ணாடி உருண்டையைச் சுழற்றித் தேய்த்து, சீசாவுக்குள் மின்சாரத்தைச் சேர்ப்பார். அதை அளக்க அப்போது ஏது கருவி? நான்தான் கருவி.

இடது கையில் சீசாவைப் பிடித்துக்கொள்வேன். அவர் என் வலது கையைப் பிடித்தபடி, தன் மறு கையால் குமிழைத் தொடுவார். சுரீர் என்று இருவருக்குள்ளும் ஓர் அடி பாயும். அடி வாங்கி வாங்கி அவர் கை மரத்துவிட்டது. அதனால் என்னிடம்தான் கேட்பார்.

“மணிக்கட்டோட நின்னுச்சா, முழங்கையா, தோளா?”

நாள் முழுக்க அவர் என்னிடம் பேசுவது அவ்வளவுதான். சாப்பாட்டுத் தட்டை வைத்தால் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். பிள்ளையில்லாத வீடு. சுவரோடு எவ்வளவு நேரம் பேசுவது? அந்த ஒரு கைப்பிடிக்காக, வெட்கமில்லாமல், தினமும் தலைவாரிக்கொண்டு போய் நிற்பேன்.

ஒருநாள், “சரியாத் தெரியலைங்க. இன்னொரு தடவை பாருங்களேன்,” என்றேன். மறுபடி பிடித்தார். அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும் அதையே சொன்னேன். நுணலும் தன் வாயால் கெடும்.

மனுஷன் கொல்லனிடம் அலைந்து, கண்ணாடிக் கைப்பிடி போட்ட வளைந்த கம்பி ஒன்றைச் செய்து வந்தார். ஒரு முனையைச் சீசாவின் ஈயத்தாளில் வைத்து, மறு முனையைக் குமிழருகே கொண்டுபோனார். பட்டென்று பொறி பறந்தது. பொறி எவ்வளவு தூரம் தாவுகிறது என்று பார்த்தால் போதுமாம்.

“இனிமே உனக்கு வலியே இல்லை,” என்றார், முகமெல்லாம் சந்தோஷமாக. “பாவம், உன் கையையும் மரத்துப்போக வச்சுட்டேன்.”

“வலிக்குதுன்னு நான் எப்பச் சொன்னேன்?” என்று எரிந்து விழுந்தேன். அதற்குள் அவர் உருண்டையைச் சுழற்றத் தொடங்கியிருந்தார். இவரோடு சண்டைகூடப் போட முடியாது.

மறுநாள் சீசாவை நிறைத்து வைத்துவிட்டு, ஈயத்தாள் வாங்கக் கடைக்குப் போனார். நான் அந்த அறைக்குள் போனேன். இடது கையால் சீசாவைப் பிடித்தேன். வலது கையைப் பிடிக்க ஆளில்லை. அந்தக் கையாலேயே குமிழைத் தொட்டேன்.

“தோள்,” என்றேன், வெறும் அறையைப் பார்த்து.

வலித்தது. இவ்வளவு வலிக்கும் என்று இத்தனை நாளும் எனக்குத் தெரியவே இல்லை.