சுல்தான் யார் வீட்டுப் பூனை?

முகம்மது யூசுப் தன் வாழ்நாளில் செய்த ஒரே சட்டமீறல் ஒரு பூனை. தேக்கா சந்தையில் ஆட்டிறைச்சிக் கடை வைத்திருக்கும் அவர், சிவப்பு விளக்கு எரிந்தால் ஆளில்லாத சாலையில்கூட நின்றுவிடுகிறவர். அப்பேர்ப்பட்டவர், செங்காங்கில் இருக்கும் அரசாங்க அடுக்குமாடி வீட்டில் பூனை வளர்க்கக் கூடாது என்று தெரிந்தும், ஏழு வருடமாகச் சுல்தானை ஒளித்து வைத்திருந்தார். மத்தியானம் கடையிலிருந்து வந்ததும் ஈரல் ஊட்டுவார். சாயங்காலமானால் சுல்தான் கதவைப் பிராண்டுவான். மனைவி மைமூன் திறந்துவிடுவாள். ஊர் சுற்றிவிட்டு மறுநாள்தான் துரை திரும்புவார்.

சட்டம் மாறியது. இனி பூனை வளர்க்கலாம். ஆனால் உரிமம் எடுக்கணும், அடையாளச் சிப் பொருத்தணும், ஜன்னலுக்கு வலை அடிக்கணும், பூனையைப் பொதுத் தாழ்வாரத்தில் உலவ விடக் கூடாது. யூசுப்புக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. உரிமத்துக்கான இணையப் பாடத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்து முடித்து, சுல்தானைக் கூடையில் தூக்கிக்கொண்டு மிருக வைத்தியரிடம் போனார்.

அங்கே வேலை பார்க்கும் நஸீஹா கருவியைப் பூனையின் கழுத்தில் வைத்தாள். பீப் என்றது.

"அங்கிள், சிப் ஏற்கெனவே இருக்கு லா. வேற ஒருத்தர் பேர்ல லைசன்ஸும் எடுத்தாச்சு."

நஸீஹா அந்த உரிமையாளருக்கு போன் போட்டாள். கால் மணி நேரத்தில் மூச்சிரைக்க ஓடி வந்தவர், யூசுப் வீட்டுக்கு நாலு வீடு தள்ளியிருக்கும், அப்போதுதான் வேலை முடிந்திருந்த பஸ் ஓட்டுநர் அந்தோனி.

"பீட்டர்!" என்றார். பூனை தாவி அவர் தோளில் உட்கார்ந்தது. துரோகி!

"பீட்டரா? எங்க சுல்தானுக்கு எப்பய்யா ஞானஸ்நானம் குடுத்தீங்க?"

"ஏழு வருஷமா ராத்திரி என் கட்டில்ல தூங்குறான், பாய். நீங்க கம்ப்ளெயின்ட் பண்ணிடுவீங்கன்னு பயந்து விடியுமுன்ன வெளிய விட்டுட்டு வேலைக்குப் போவேன். லைசன்ஸ் எடுத்தப்புறமும் அந்தப் பழக்கம் போகல."

"அட அல்லாவே, நானும் உங்களுக்குப் பயந்துதானேய்யா ஒளிச்சேன்!"

இருவரும் சிரித்தார்கள். ஆனால் நஸீஹா விடவில்லை. ஒரு பூனைக்கு ஒரு உரிமையாளர் பேர்தான் போட முடியும். இனி அது வீடு மாற்றி வீடு அலையவும் கூடாது. உரிமம் அந்தோனி பேரில், வலை அடித்த ஜன்னலும் அந்தோனி வீட்டில். யூசுப்புக்குக் கண் கலங்கிவிட்டது. சுல்தான் இல்லாத மத்தியானத்தை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டார். "ஏம்மா, தாழ்வாரத்துல உலவக் கூடாதுங்கறது யாருக்கு?"

"பூனைக்குத்தான் அங்கிள்."

"மனுசன் நடந்து போகலாம்ல?"

அந்தோனி வாய்விட்டுச் சிரித்தார். சாவிக்கொத்தை எடுத்து ஒரு சாவியைக் கழற்றினார். "பகல்ல வீட்ல யாருமில்ல. தாராளமா வாங்க பாய். ஆனா ஒண்ணு, அவன் மணல் தட்டை நீங்கதான் அள்ளிச் சுத்தம் பண்ணணும்."

"என்ன மணல் தட்டு?"

"அவன் ராத்திரி கக்கூஸ் போற தட்டு பாய்."

ஏழு வருடத்தில் சுல்தான் ஒருநாளும் வீட்டை அசிங்கம் பண்ணியதில்லை என்று மைமூனிடம் பீற்றிக்கொண்டிருந்த யூசுப்புக்கு, அந்தப் பெருமைக்கு அள்ளிக் கொட்டிய கை யாருடையது என்று அப்போதுதான் உறைத்தது.

"அள்ளுறேன்யா, அள்ளுறேன்" என்று சாவியை வாங்கிக்கொண்டார்.