அருமைநாயகம் பூட்டிய மூன்று அறைகள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. வேறொரு கதையை எழுதி முடிக்கலாமென்று பாசிக்குடா ஹோட்டல் ஒன்றுக்குப் போனேன். மனேஜர் றிஸானின் முதுகுக்குப் பின்னால் மூன்று சாவிகள் தொங்கின.

“றூம் இல்ல மெடம்.”

“அப்ப அந்தச் சாவியெல்லாம்?”

“றூம் சும்மாதான் கிடக்கு. ஆரோ புக் பண்ணிக்கொண்டிருக்காங்க எண்டு கம்பியூட்டர் காலையில இருந்து சொல்லுது. அது விடாம நான் குடுக்க ஏலா.”

2

நீலக் கடலைப் பார்த்தபடி கம்சாயினி

(வேண்டாம். கடலை விளம்பரக்காரர்கள் எழுதட்டும்.)

அறை பதியும் அந்த மென்பொருளை எழுதியவள் கம்சாயினி. முதல் வேலை. தகுதிகாண் மாதத்தின் கடைசி நாள் அன்று. அவளை வைத்திருப்பதா அனுப்புவதா என்று றிஸான் மாலைக்குள் சொல்லவேண்டும். முதல் வரைவில் அவளை அழவைத்திருந்தேன். நேரில் அவள் அழவில்லை. பத்து நிமிடத்தில் பிழையைப் பிடித்துவிட்டாள்.

“அருமைநாயகம் எண்டு ஒராள் குடும்பப் பெயரை எழுதாம விட்டிருக்கார். ஒரு றூம் சரிவரல்ல எண்டு அடுத்தது, மறுகா அதுக்கடுத்தது எண்டு புக் பண்ணப் பாத்திருக்கார்.”

“எங்கட ஆக்களுக்கு எங்க குடும்பப் பெயர்?” என்று கேட்டேன்.

“ஓம், எனக்கும் இல்ல. அத நானே யோசிக்கல்ல.”

(விளக்கம், அவசரக்காரர்கள் தாண்டலாம்: ஒருவர் படிவத்தைத் திறந்ததும் அறை மற்றவர்களுக்குப் பூட்டப்படும். திறந்துவிடும் வரியை அவள் நிரலின் கடைசியில் எழுதியிருந்தாள். குடும்பப் பெயர் இல்லாத வெற்றிடத்தில் தடுக்கி நிரல் நடுவிலேயே விழுந்தால் அந்த வரிக்குப் போய்ச்சேராது.)

“இனி எல்லாத்தையும் ‘வித்’ எண்ட கட்டளைக்குள்ள போடுறன். உள்ள போகக்குள்ள பூட்டும். வேல முடிஞ்சாலும் நடுவில விழுந்தாலும், வெளிய வரக்குள்ள திறந்துட்டுத்தான் வரும்.”

3

எனக்கு வயிற்றெரிச்சல். நான் நடுவில் விட்ட கதைகள் பதினொன்று. ஒன்றில் செசீலியா என்பவளைத் தன்னாமுனையில் ஒரு கலியாண வீட்டு வாசலில் நிறுத்திவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனேன். நான்கு வருடமாகிறது.

அறைகள் திறந்தன. றிஸான் கேட்டார்: “ஆர்ட பிழை?”

அருமைநாயகத்தின் தலையில் போடு என்று கம்சாயினிக்குக் கண்ணைக் காட்டினேன்.

“என்ட பிழைதான்,” என்றாள்.

“உள்ளுக்கு வாங்க, கதைப்பம்.”

அலுவலகக் கதவு சாத்தப்பட்டது.

4

முடிவு அ: றிஸான் அவளை வைத்துக்கொள்கிறார். (சீனி கூடிவிட்டது.)

முடிவு ஆ: அனுப்பிவிடுகிறார். நானும் கோபித்துக்கொண்டு, அறையே வேண்டாமென்று

(பொய். சாவியை வாங்கிக்கொண்டேன்.)

நீங்களே முடியுங்கள், எனக்குத் துணிவில்லை. வைத்திருங்கள், அனுப்புங்கள், அலுத்துப்போய்ப் பாதியில் எழும்பியும் போங்கள். ஆனால் எப்படிப் போவதென்றாலும், போகுமுன் அந்தக் கதவைத் திறந்து அவளை வந்தாறுமூலை வீட்டுக்குப் பஸ் ஏற்றிவிடுங்கள். கடைசி பஸ் ஐந்தரைக்கு. அம்மா பார்த்துக்கொண்டிருப்பா.