முத்திரை விழாத நூற்றெண்பது பேர்

சாந்த் எலுவா தீவில் இறங்கிய அந்நியப் படையினர் நூற்றெண்பது பேரில் ஒருவருக்கும் கால் தரையில் படவில்லை. ஒரு சாண் மேலேயே நின்றார்கள். செவ்வாய்க்கிழமை, சூரைமீன் விலை இறங்கியிருந்த நாள். அதிபரும் மந்திரிகளும் முந்தின நாளே விமானம் ஏறிவிட்டதால், அரசாங்கம் என்று மிச்சமிருந்தது துறைமுகக் குடியேற்றச் சாவடியில் உட்கார்ந்திருந்த ஓர்தான்ஸ் ஷார்லெரி ஒருத்திதான். அவள் முத்திரை குத்தாத யாரையும் அந்த மண் ஏற்காது என்பது அன்றுதான் ஊருக்குத் தெரிந்தது. அவளுக்கே அன்றுதான் தெரிந்தது.

படையினரும் சமாளித்துத்தான் பார்த்தார்கள். வானொலி நிலையத்துக் கதவைத் தள்ளினால் கதவு அசையவில்லை, இவர்கள்தான் பின்னால் போனார்கள். காற்று பலமாக அடித்தால் சந்தைப் பக்கம் ஒதுங்கினார்கள். கிழங்கு விற்கிற பெண்கள் கூடையை நகர்த்தி வழிவிட்டார்கள். நான்காம் நாள் தளபதி சாவடி ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, எல்லாருக்கும் முத்திரை குத்து என்று துப்பாக்கியை நீட்டினார். ஓர்தான்ஸ் முத்திரையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள். குண்டும் அப்படியே மிதக்கும் என்று யார் உத்தரவாதம் தருவது? ஆனால் மிரட்டலுக்குக் குத்திவிட்டால் நாடு கைமாறியது மாறியதுதான்.

"உன் அரசாங்கமே ஓடிப்போச்சு. யாருக்காகம்மா இந்த வீம்பு?" என்றார் தளபதி.

"ஓடினது மந்திரிங்க ஐயா. நாடு இங்கதான் இருக்கு. படிவத்தை நிரப்புங்க."

வருகையின் நோக்கம் என்ற கட்டத்தில் 'ஒழுங்கை நிலைநாட்ட' என்று எழுதினார். அப்படியொரு நோக்கம் பட்டியலில் இல்லை என்று திருப்பிக் கொடுத்தாள். வியாபாரம், உறவினர் வீடு, துக்கம், சுற்றுலா, அவ்வளவுதான். மூன்று படிவம் கிழிந்தது. அம்மாடி, என்ன நெஞ்சழுத்தம் அவளுக்கு! நாலாவதில் தளபதி 'சுற்றுலா' என்று எழுதினார். பதினாலு நாள் என்று குத்தினாள். மனுஷன் தொப்பென்று தரையில் இறங்கினார். துப்பாக்கிக்கு என்ன செய்வது என்று கேட்டார்.

"ஊர் சுத்திப் பாக்க வந்தவங்களுக்குத் துப்பாக்கி எதுக்கு?"

மற்றவர்களும் கையிலிருந்ததை அப்படியே விட்டுவிட்டு வரிசையில் நின்றார்கள். பதினாலு நாளும் இளநீர் குடித்தார்கள், வெயிலில் முதுகுத் தோல் உரிய அலைந்தார்கள், கடைசி நாள் கிளம்புகிற முத்திரைக்கும் வரிசையில் நின்றார்கள். கப்பல் கண்ணுக்கு மறைந்த பிறகுதான் ஓர்தான்ஸ் விம்மி விம்மி அழுதாள். அதற்குள் பக்கத்துத் தீவிலிருந்து பயணிகள் படகு வந்துவிட்டது. முகத்தைக் கழுவிக்கொண்டு ஜன்னலைத் திறந்தாள்.

அனுமதி கிடைக்காத துப்பாக்கிகள் இன்னும் துறைமுகத்தில் ஆள் உயரத்தில் மிதக்கின்றன. மீனவர்கள் அவற்றின்மேல் வலை காயப்போடுகிறார்கள்.